பணியிட மகிழ்ச்சி: வேலையின் அமைப்பும் வேலையாளின் மனமும்

பணியிட மகிழ்ச்சி என்ற ஒரே பெயரில் ஆய்வாளர்கள் இரண்டு வெவ்வேறு விஷயங்களை அளக்கிறார்கள். ஒன்று, தன் வேலையைப் பற்றி ஒருவர் ஆற அமர யோசித்துச் சொல்லும் தீர்ப்பு. சம்பளம், மேலாளர், எதிர்காலம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து ‘திருப்தி’ என்றோ ‘ஏதோ ஓடுகிறது’ என்றோ சொல்வது இது. மற்றது, வேலை செய்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் மனம் எப்படி இருக்கிறது என்பது. இவை இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. அலெக்ஸ் பிரைசன், ஜார்ஜ் மெக்கெரன் இருவரும் 2017இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வில், கைபேசிச் செயலி வழியே பல்லாயிரம் பேரிடம் நாளின் எந்த நேரத்திலும் ‘இப்போது என்ன செய்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்கப்பட்டது. நாற்பது வகைக் காரியங்களை வரிசைப்படுத்தியபோது கூலிக்கு உழைப்பது கடைசிக்கு முந்தைய இடத்தில் நின்றது. நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் கிடப்பது மட்டுமே அதற்கும் கீழே. டேனியல் கானெமன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வுவாரியாக நினைவுகூரச் சொன்னபோது, யாருடன் இருக்கும் நேரம் மிகக் கசப்பானது என்ற கேள்விக்கு மேலதிகாரியே விடையாக வந்தார். இதே மனிதர்களை வேலையில்லாமல் உட்கார வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வேலை நேரத்தில் கசப்பு, வேலை இல்லாவிட்டால் அதைவிடக் கசப்பு: இந்த முரண்தான் துறையின் அடிப்படைக் கேள்வி.

இதன் மூலக்கதை சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் தொடங்குகிறது. தொலைபேசிக் கருவிகள் செய்த அந்த ஆலையில் 1924இல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தி எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது என்று பிறகு பேசப்பட்டது. 1927இல் ரிலே என்ற கருவிப் பாகத்தைப் பூட்டும் பெண்கள் ஐவரைத் தனி அறைக்கு மாற்றி, இடைவேளையும் சிற்றுண்டியும் கொடுத்து, வேலை நேரத்தையும் குறைத்தார்கள், உற்பத்தி உயர்ந்தது. தங்களை ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வும் குழுவுக்குள் வளர்ந்த ஒட்டுறவுமே காரணம் என்று ஹார்வர்டைச் சேர்ந்த எல்டன் மேயோ விளக்கினார். நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் இந்த விளக்கம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வகுப்புகள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த ஐவரில் இருவர் ‘பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை’ என்று நடுவிலேயே மாற்றப்பட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் கை வேகமானவர்கள். கூலி முறையும் மாறியது: பெரிய பிரிவோடு சேர்த்துக் கணக்கிட்டுவந்த தொகை இப்போது அந்தச் சிறு குழுவின் உற்பத்தியை வைத்தே கணக்கிடப்பட்டது. ஆக, கவனிப்பு வேலை செய்ததா, கூலி வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள், தொலைந்துபோனதாக நம்பப்பட்ட வெளிச்சச் சோதனைப் பதிவுகளைத் தேடியெடுத்து 2011இல் மறுகணக்குப் போட்டபோது, அந்தப் புகழ்பெற்ற விளைவுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. அதே ஆலையில் 1931-32இல் 14 ஆண்களை வைத்து நடந்த இன்னொரு கவனிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கூடுதலாகச் செய்தால் கூலி கூடும் என்று தெரிந்தும் அவர்கள் ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். மீறிச் செய்தவரைச் சக தொழிலாளிகளே அடக்கினார்கள். இன்று கூடுதலாகச் செய்து காட்டினால் நாளை அதுவே டார்கெட் ஆகிவிடும் என்ற அந்தக் கணக்கு, திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் யாருக்கும் விளக்காமலே புரியும்.

அடுத்த அரை நூற்றாண்டில் கோட்பாடுகள் பெருகின. பிட்ஸ்பர்க் பகுதிப் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்ட பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் ஒரு பிரிவினையை முன்வைத்தார்: சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் ஆகியவை கெட்டால் அதிருப்தி வரும், ஆனால் அவை சரியானதால் மட்டும் ஊக்கம் வராது, ஊக்கம் சாதனையிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் வருவது. இந்தப் பிரிவினை பிற்கால ஆய்வுகளில் அவ்வளவு சுத்தமாகத் தேறவில்லை. எழுபதுகளில் ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டம் இருவரும் வேலையின் குணங்களைப் பட்டியலிட்டது கூடுதல் பயன் தந்தது: பலதரப்பட்ட திறமைக்கு இடம், ஒரு காரியத்தை முழுதாகச் செய்து முடிக்கும் வாய்ப்பு, அது பிறருக்கு உதவுகிறது என்ற தெளிவு, தன் விருப்பப்படி செய்யும் சுதந்திரம், செய்தது சரியா என்று தெரியவருவது. சட்டையின் காலரை மட்டும் நாள் முழுக்கத் தைப்பவருக்கு இவற்றில் எத்தனை கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பட்டியலின் கூர்மை தெரியும்.

மகிழ்ச்சியான தொழிலாளி கூடுதலாக உழைப்பாரா என்பது முதலாளிகள் முதலில் கேட்கும் கேள்வி. பல ஆய்வுகளைத் தொகுத்து 1985இல் போட்ட கணக்கில் பணித்திருப்திக்கும் செயல்திறனுக்கும் இடையிலான தொடர்பு, முழுத் தொடர்பு 1 என்ற அளவில், 0.17 என்று வந்தது. ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். 2001இல் டிமத்தி ஜட்ஜ் குழுவினர் விரிவாகத் தொகுத்தபோது 0.30 ஆனது. தொடர்பு இருப்பது தெரிந்தாலும், எது காரணம் எது விளைவு என்பது அதிலிருந்து தெரியாது. நன்றாக வேலை செய்து பாராட்டு வாங்குபவர் மகிழ்ச்சியாக இருப்பதும் இயல்புதானே. இந்த முடிச்சை அவிழ்க்க பிரிட்டிஷ் டெலிகாம் கால் சென்டர்களில் நடந்த ஆய்வு வானிலையைத் துணைக்கு எடுத்தது. விற்பனை ஊழியர்கள் வாரந்தோறும் முகச்சின்னங்களில் ஒன்றைத் தொட்டுத் தங்கள் மனநிலையைச் சொன்னார்கள். மழை மூட்டம் மனத்தை மந்தமாக்கிய வாரங்களில் விற்பனை விழுந்தது; மனநிலை ஒரு படி ஏறினால் விற்பனை பத்துச் சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஆறு மாதப் பதிவுகள் சொன்ன இன்னொரு செய்தி: அவர்கள் கூடுதல் நேரம் உழைக்கவில்லை, அதே நேரத்தில் கூடுதலாக விற்றார்கள். மனநிலைக்கு உற்பத்தியில் பங்குண்டு என்ற அளவுக்கு இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அந்த மனநிலையை உயர்த்துவது எப்படி என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

பரவலாகச் செய்யப்படுவது வேலையாளின் மனத்தைச் சரிசெய்வது. தியானச் செயலி, மன உறுதிப் பயிற்சி, வெள்ளிக்கிழமை விளையாட்டு, யோகா வகுப்பு, கேக் வெட்டுதல். ஹெச்.ஆர். துறைக்கு இவை எளிது; செலவு குறைவு, புகைப்படமும் நன்றாக வரும். பலன் என்ன? இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 4,800 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் உடல்நலத் திட்டம் வழங்கிப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவுகளின்படி மருத்துவச் செலவிலும் பழக்கவழக்கங்களிலும் உற்பத்தித்திறனிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முதலிலேயே ஆரோக்கியமாக இருந்தவர்களே திட்டத்தில் ஆர்வமாகச் சேர்ந்திருந்தார்கள். முந்தைய ஆய்வுகளில் இத்தகைய திட்டங்கள் பிரமாதமாகத் தெரிந்ததன் ரகசியம் இதுவே. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024இல் பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார். தியானம், மன உறுதிப் பயிற்சி, நலச் செயலி போன்றவற்றில் பங்கெடுத்தவர்கள் பங்கெடுக்காதவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: தன்னார்வச் சேவைக்கு வாய்ப்பு. இது ஒரே நேரத்தில் எடுத்த பதிவு, சோதனை அல்ல என்பதால் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. என்றாலும், ஆட்பற்றாக்குறையில் இருவர் வேலையை ஒருவர் செய்யும் பிரிவில் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பதால் என்ன மாறும் என்ற சந்தேகத்தை அது வலுப்படுத்துகிறது.

வேலையின் அமைப்பில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கான சான்றுகள் இதைவிடத் திடமானவை. அவற்றில் கணிசமானவை இந்தியாவில் கிடைத்தவை. உடம்பிலிருந்து தொடங்கலாம். சென்னையில் குறைந்த வருவாய்க்காரர்கள் 452 பேருக்கு ஒரு மாத டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து நடத்திய தூக்க ஆய்வு 2021இல் வெளியானது. மணிக்கட்டில் கட்டிய கருவி காட்டியபடி, படுக்கையில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்தும் அவர்கள் தூங்கியது ஐந்தரை மணி நேரமே. வெக்கை, கொசு, தெருச் சத்தம் என்று விழித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு மின்விசிறி, மெத்தை, காதடைப்பான், கண்மூடி எல்லாம் கொடுத்தார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் பணமும் கொடுத்தார்கள். தூக்கம் 27 நிமிடம் கூடியது, ஆனால் வேலையிலோ மனநலத்திலோ மாற்றம் இல்லை. இன்னொரு பிரிவினருக்கு அலுவலகத்திலேயே மதியம் அரை மணி நேரம் அமைதியான இடத்தில் படுக்க வசதி செய்தார்கள். அந்தக் குட்டித் தூக்கம் மனநிலையை உயர்த்தியது, கவனத்தைக் கூட்டியது, தட்டச்சு வேகத்தையும் ஏற்றியது. அந்த அரை மணி நேரமும் வேலை செய்திருந்தால் சம்பாத்தியம் கூடியிருக்கும் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆனால் அதே நேரத்தைச் சும்மா இடைவேளையாகக் கழித்தவர்களைவிடத் தூங்கியவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டும் மேற்பார்வையாளர்களுக்கு இது சற்றுச் சங்கடமான முடிவு.

பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் வேறொரு நோக்கத்தில் செய்த மாற்றம் இன்னொரு பாடம் ஆனது. மின்சாரத்தை மிச்சப்படுத்த குழல் விளக்குகளை மாற்றி எல்.இ.டி. விளக்குகள் பொருத்தினார்கள். அவை வெளிவிடும் வெப்பம் குறைவு என்பதால் தையல் தளத்தின் வெக்கை தணிந்தது. கடும் வெயில் நாட்களில் விழும் உற்பத்தி அவ்வளவாக விழவில்லை. மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் போட்ட பணம் திரும்ப மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். உற்பத்தியையும் சேர்த்துப் பார்த்தால் எட்டு மாதத்துக்குள் திரும்பிவிடும். நூற்றாண்டுக்கு முன் ஹாதார்னில் தேடிய விளக்கு விளைவு வெளிச்சத்தில் இல்லாமல் சூட்டில் இருந்திருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆண்டு வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் இந்திய ஆலைகளின் உற்பத்தி ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது என்று 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு கணித்தது. தளத்தைக் குளிர்வித்தால் உற்பத்தி மீள்கிறது, ஆனால் விடுப்பு எடுப்பது குறைவதில்லை. தொழிலாளி இரவில் திரும்பிப் போகும் தகரக் கூரை வீடு குளிரவில்லையே.

உட்காரும் உரிமையும் இந்த வரிசையில் சேர்ந்ததே. ஜவுளிக்கடை கவுண்டர்களிலும் நகைக்கடைகளிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்யும் பெண்களுக்குக் கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், முதுகுவலி ஆகியவை வேலையோடு ஒட்டிவந்த சொத்து. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலும் சத்தம் வரும் கடைகள் இருந்தன. கேரளத்தில் விற்பனைப் பெண்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018இல் உட்கார இடம் தரும்படி சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்தது. ஸ்டூல் வாங்கிப்போட்ட கடைகள் பல. அதில் உட்காரும் துணிவு ஊழியருக்கு வருவதற்குச் சட்டத்தோடு சூப்பர்வைசரின் கண்ணும் மாற வேண்டியிருந்தது.

சம்பளம் மகிழ்ச்சி தராது என்பது நல்ல சம்பளம் வாங்குபவர்கள் விரும்பிச் சொல்லும் வாக்கியம். ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் கூலித் தொழிலாளர்களை வைத்து நடந்த சோதனை அதைக் கொஞ்சம் திருத்துகிறது. கைவறண்ட பருவத்தில், மொத்தக் கூலியைக் கூட்டாமல், அதன் ஒரு பகுதியைச் சிலருக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். பணம் கைக்கு வந்த பின்னான நாட்களில் அவர்களின் உற்பத்தி ஏறத்தாழ 7 சதவீதம் ஏறியது. தைப்பதில் தவறும் குறைந்தது. கடன்காரர் முகம் மனத்தில் ஓடும்போது கை தடுமாறுகிறது என்பதே விளக்கம். சம்பளத்தை ஏழாம் தேதிக்குப் பதில் பத்தாம் தேதி போடும் நிறுவனம், அந்த மூன்று நாளில் எவ்வளவு மிச்சம், எவ்வளவு நட்டம் என்று கணக்கிடுவதே இல்லை.

அதே ஒடிசாவில் எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷாம்தாசனி ஆகியோர் நடத்தி 2018இல் வெளியிட்ட இன்னொரு சோதனை நியாய உணர்வைத் தொட்டது. ஒரே பொருளைச் செய்யும் சிறு குழுக்களில் சிலவற்றுக்குச் சமக் கூலி, சிலவற்றுக்கு ஆளுக்கேற்ற கூலி. தன் பக்கத்து ஆளைவிடக் குறைவாக வாங்கியவர் குறைவாக உழைத்தார். கூலி போனாலும் போகட்டும் என்று வேலைக்கே வராமலும் இருந்தார். கூடுதலாக வாங்கியவருக்கு அதனால் பெரிய உற்சாகமும் வரவில்லை. ஆனால் யார் எவ்வளவு செய்கிறார்கள் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும் வேலைகளில் இந்தச் சேதம் நிகழவில்லை. வித்தியாசம் தானே கசப்பைத் தருவதில்லை, காரணம் தெரியாத வித்தியாசம் தருகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் இணையத்தில் வெளியானபோதும் இதே சாயல்: நடுநிலைச் சம்பளத்துக்குக் கீழே இருப்பதாக அறிந்தவர்கள் மனம் குமைந்தார்கள், மேலே இருந்தவர்கள் பெரிதாக மகிழவில்லை. இன்கிரிமெண்ட் கடிதத்தை மூடிய உறையில் கொடுத்து ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்பது நிறுவனங்களின் வழக்கமான மருந்து. தேநீர்க்கடையில் அரை மணி நேரத்தில் உடையும் ரகசியம் அது.

தன் வேலையில் தனக்கு எவ்வளவு கட்டுப்பாடு என்பது உயிரையே தொடும் விஷயம் என்று லண்டனின் வைட்ஹால் ஆய்வுகள் காட்டின. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. பதவி இறங்க இறங்க இதயநோய் ஏறியது. புகைபிடித்தல், கொழுப்பு போன்ற வழக்கமான காரணங்களைக் கழித்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. அந்த மிச்சத்தின் பெரும்பகுதியை ‘எப்போது, எப்படிச் செய்வது என்பதில் எனக்குச் சொல் இல்லை’ என்ற நிலை விளக்கியது. உயர் அதிகாரிக்குத்தான் மன அழுத்தம் என்ற பொதுநம்பிக்கையை இது தலைகீழாக்கியது.

நேரத்தின் மீதான கட்டுப்பாடு இதன் முக்கியக் கிளை. பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள், ஏறக்குறைய 2,900 ஊழியர்களுடன், சம்பளம் குறைக்காமல் வாரம் நான்கு நாள் வேலையை ஆறு மாதம் ஒத்திகை பார்த்தன. 56 நிறுவனங்கள் ஒத்திகைக்குப் பிறகும் தொடர்ந்தன. தாமாக முன்வந்த நிறுவனங்கள் என்பதை மனத்தில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரைக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை இதைவிட நம்பகமானது: வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடம் ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வேலையின் தரம் குறையவில்லை. தமிழ்நாட்டில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த வேகத்தில் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

கடைசியாக, பேசவும் கேட்கப்படவும் உள்ள வாய்ப்பு. பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில், எதிர்பார்த்த அளவு ஊதிய உயர்வு வராத ஓராண்டில், சில தொழிலாளர்களிடம் மட்டும் பெயர் வெளியிடாமல் வேலை, மேற்பார்வை, சம்பளம் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். கருத்துச் சொன்னதற்காகச் சம்பளம் ஒரு ரூபாயும் கூடவில்லை. ஆனால் கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இதைச் சாமர்த்தியமான நிர்வாகம் மலிவு மருந்தாகவும் பயன்படுத்தலாம் என்பதில் சந்தேகமில்லை. கேட்டதற்கு நடவடிக்கை இல்லை என்றால் அடுத்த கருத்துக்கணிப்பில் எல்லாரும் ‘மிக நன்று’ என்று குறித்துவிட்டு எழுந்துபோவார்கள்; யார் எழுதியது என்று எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. உலக அளவில் வேலையில் ஈடுபாடு உள்ளவர்கள் 2024இல் 21 சதவீதமே என்று காலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் சொல்லும்போதும், விடை சொல்பவர் எந்த நிலையில் இருந்து சொல்கிறார் என்பதைச் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

அதனால்தான் தனித்தனியாகக் கேட்கப்படுவதற்கும் சேர்ந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு வித்திட்ட குறைகளில் ஒன்று, பெரம்பூர் ஆலைகளில் மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. சாப்பிட உட்காரும் முன் சங்கு ஊதிவிடும் என்ற குறையை ஒருவர் தனியாகச் சொன்னால் அது முணுமுணுப்பு. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து சொன்னால் பேச்சுவார்த்தை. 2024 செப்டம்பர், அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும், ஊதியக் கோரிக்கைகளோடு சங்கத்தின் அங்கீகாரமே முன்னால் நின்றது. பணியிட மகிழ்ச்சி பற்றிய நிர்வாகவியல் நூல்களின் பொருளடைவில் தொழிற்சங்கம் என்ற சொல் அபூர்வமாகவே தென்படுகிறது. இது அந்த நூல்களின் பெரிய ஓட்டை.

இன்னொரு ஓட்டை, ஆய்வுகள் எட்டாத மனிதர்கள். ஹெச்.ஆர். துறையும் சம்பளச் சீட்டும் உள்ள இடங்களில்தான் அளப்பது எளிது. இந்தியத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் முறைசாரா வேலைகளில் இருக்கிறார்கள். கட்டடத்தில் சித்தாள் வேலைக்கு மேஸ்திரி எண்ணிக் கொடுப்பதே கூலி. வீட்டு வேலை செய்பவருக்குப் பணியிடம் என்பது அடுத்தவர் வீடு. உணவு கொண்டுபோகும் இளைஞருக்கு மேலாளரே கிடையாது, கைபேசிச் செயலியில் ஓடும் கணக்கு மட்டும். அவர்களுக்கான நடவடிக்கைகள் அரசிடமிருந்தும் சங்கங்களிடமிருந்தும் துண்டு துண்டாக வருகின்றன. கட்டடத் தொழிலாளருக்கும் பிற உடலுழைப்புத் தொழிலாளருக்கும் தமிழ்நாட்டில் நலவாரியங்கள் நெடுங்காலமாக இயங்குகின்றன. இணையவழிச் சேவைத் தொழிலாளருக்கு 2023 டிசம்பரில் தனி நலவாரியம் அமைந்தது. சென்னை மாநகராட்சி 2025இல் அவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறக்கத் தொடங்கியது. உட்கார நாற்காலி, கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி, கழிப்பறை ஆகியவை அங்கே உண்டு. ஆர்டர் வந்த நொடியில் எழுந்து ஓடவைக்கும் அந்தச் செயலிக் கணக்கின் விதிகள் மட்டும் இன்னும் நிறுவனங்களின் கையில்தான் இருக்கின்றன.